கீறல் விழாத துப்பாக்கி

விஸ்கான்சினின் வடக்கு மூலையில் இருக்கும் ஸ்பிரிட் கிரீக்கில், வண்டிக் கதவு துருப்பிடித்து உதிர்ந்தால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐந்து மாதம் சாலையில் உப்பைக் கொட்டினால் இரும்பு வேறென்ன செய்யும்? வீட்டுச் சுவரில் வண்ணம் உரிந்தால் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எந்தக் கோடை என்று கேட்கிற வழக்கம் இல்லை. துப்பாக்கியில் கீறல் விழுவது மட்டும் வேறு விஷயம். அந்த ஒன்றில் ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது.

பெரிய கட்சிக்குத் தலைவன் ரோலி பைல்கே. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, தானாக வந்த பதவி. அவனுடைய வேட்டைத் துப்பாக்கியின் குழலில் கருநீல மெருகு தேய்ந்து, கை படும் இடமெல்லாம் வெள்ளியாகிவிட்டது. மரக்கட்டையில் கீறல் இல்லாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை உண்டு. கீறல் அப்படியே இருக்க, கதை மட்டும் ஆண்டுக்காண்டு வளரும். கட்டையின் இடப்பக்கம் இருக்கும் நீளக் கோடு கரடியின் நகத்தால் வந்தது என்பது இப்போதைய நிலவரம். பத்து வருஷத்துக்கு முன்னால் அது கொட்டகைக் கதவால் வந்தது.

சின்னக் கட்சியில் ஒரே ஆள்தான். ரோலியின் அக்கா புருஷன், டெல்மர் ஸாஸ்ட்ரோ.

டெல்மருக்கு அறுபத்திரண்டு வயது. காகித ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். இயந்திரத்திலிருந்து வரும் தாளை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, புள்ளி, சுருக்கம், இழை ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. குறை கண்டுபிடித்தால்தான் சம்பளம் என்ற உத்தியோகத்தில் இருந்த மனிதர், வீட்டில் யாரையும் ஒரு குறை சொன்னதில்லை. உருளைக்கிழங்கு குழைந்தால்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். அவருடைய கண்ணில் இருந்த கூர்மை மொத்தமும் ஒரே ஒரு பொருளின் மேல் போய் விழுந்தது.

நாற்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே வாங்கிக்கொண்ட வேட்டைத் துப்பாக்கி அது. குழல் ராத்திரி ஏரி போலக் கறுத்து மின்னும். கட்டை வால்நட் மரம். தேன் வழிந்து உறைந்தது போல ரேகை ஓடும். வாங்கிய நாளிலிருந்து அதை வெள்ளைப் பருத்திக் கையுறை போடாமல் அவர் தொட்டதில்லை, காட்டில் தவிர. காட்டிலும் அதற்குக் கம்பளி உறை உண்டு. பரணில் உட்கார்ந்ததும் மடியில் ஒரு துண்டை விரித்து அதன் மேல் கிடத்துவார். மான் வந்து நின்றால் துண்டை விலக்கி, உறையை உருவி, உறையை மடித்துப் பைக்குள் வைத்து, அப்புறம் குறி பார்ப்பார். மானுக்கும் வேறு வேலை இருக்கும் அல்லவா. இருபத்திரண்டு சீசனில் அவர் அடித்தது ஏழு. ரோலியின் கணக்கு முப்பதைத் தாண்டும். தூறல் விழுந்தால் டெல்மர் குடிலுக்குத் திரும்பிவிடுவார். மழையில் நனைவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, துப்பாக்கி நனையக் கூடாது.

வேட்டைக் குடிலில் அந்தத் துப்பாக்கிக்கு மகாராணி என்று பெயர்.

“மகாராணி எந்திரிச்சாச்சா மச்சான்?” என்று விடியற்காலைக் காப்பிக்கு நடுவே ரோலி கேட்பான். “வெளிய பனி கொட்டுது. ஒரு சால்வை போத்திக் கூட்டிக்கிட்டு வாங்க.”

டெல்மர் காப்பியைக் குடிப்பார். மனதுக்குள் மட்டும், கீறல் ஒவ்வொன்றும் கவனக்குறைவுக்குக் கிடைத்த ரசீது, இந்தப் பயல் அதையெல்லாம் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று பிழைப்பவர், துப்பாக்கி பழுதுபார்க்கும் வாண்டா ஸ்கிபா. பழசைப் புதுசாக்கு என்று ஒருவன் வருவான். அவன் போன கையோடு, புதுசாக வாங்கியதைக் கொஞ்சம் தேய்த்துப் பழசு மாதிரி ஆக்கிக் கொடு, குடிலில் சிரிக்கிறார்கள் என்று இன்னொருவன் வருவான். இருவருக்கும் ஒரே முகத்தோடு வேலை செய்து கொடுப்பார். அவர் கவனித்த வரையில், தான் போட்ட கீறலை எல்லோரும் அனுபவம் என்கிறார்கள். அதே கீறலை அடுத்தவன் போட்டால் சேதம் என்கிறார்கள்.

இப்படியே போயிருக்கும். அந்த வருஷம் செப்டம்பரில் டெல்மர் படகைக் கரையேற்றும்போது வலது தோளில் தசைநார் கிழிந்தது. அக்டோபரில் அறுவைச் சிகிச்சை. வசந்தம் வரை கையைக் கழுத்திலிருந்து தொங்கும் தொட்டில் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும், துப்பாக்கியை நினைக்கவே கூடாது என்றார் டாக்டர். நவம்பரில் மான் சீசன். ஒன்பது நாள்தான் சீசன்; அந்த ஒன்பது நாளுக்காக மீதி வருஷத்தைத் தள்ளுகிற ஊர் அது.

“இந்த வருஷம் என் பரண் காலிதான்,” என்றார் டெல்மர், சமையலறை மேஜையில். ரோலியும் இருந்தான். சாப்பாட்டு வேளையில் அவன் எப்போதும் இருப்பான்.

“ஏன் காலியா கெடக்கணும்? நான் போறேன்,” என்றாள் அவர் மனைவி ஆர்லிஸ்.

ஆர்லிஸுக்கு அறுபது. இருபத்தெட்டு வருஷம் கிராமத்துச் சாலைகளில் தபால் கொண்டுபோய்ப் போட்டவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மனுஷன் கடிப்பான் என்று தெரிந்தவள். அந்த வசந்தத்தில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். பைல்கே வீட்டில் பையன்கள் காட்டுக்குப் போவார்கள், பெண்கள் தொத்திறைச்சி அரைப்பார்கள். ஆகவே மானை அரைக்கத் தெரியும், அடித்துப் பழக்கம் இல்லை. சின்ன வயதில் தகர டப்பாக்களைச் சுட்டுத் தள்ளியதில் மட்டும் ரோலியை விடக் கெட்டிக்காரி.

“போயேன்கா,” என்றான் ரோலி. “எங்கிட்ட இன்னொண்ணு சும்மா கெடக்கு. கீழ போட்டாலும் கவலையில்ல. நானே ரெண்டு தடவை ஏரியில போட்டிருக்கேன்.”

“உன் பழைய இரும்ப நீயே வச்சுக்க. நான் டெல்லோடத எடுத்துக்கிட்டுப் போறேன்.”

குளிர்பதனப் பெட்டி உறுமுவது கேட்டது. ரோலி உருளைக்கிழங்கை வாயருகே பிடித்தபடி மச்சானைப் பார்த்தான்.

“அது கொஞ்சம் கனம் ஜாஸ்தி,” என்றார் டெல்மர்.

“இருபத்தெட்டு வருஷம் தபால் மூட்டை தூக்குனவ நான்.”

“பழகாத கைக்கு…”

“டெல், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இருபத்திரண்டு வருஷமா அது என் துணி அலமாரிக்குப் பக்கத்துல நிக்குது. ஒரே ஒரு தடவ கையுறை இல்லாம தொட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. எண்ணெய்த் துணிய எடுத்துக்கிட்டு வந்து நான் தொட்ட எடத்த மட்டும் தொடச்ச. நான் பக்கத்துல நிக்கறப்பவே.”

டெல்மருக்கு அந்தச் சம்பவம் ஞாபகம் இல்லை. நடந்திருக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை. மனைவி கேட்பது துப்பாக்கி இல்லை என்று புரிகிற அளவுக்கு அவர் முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவர்.

“எடுத்துக்கிட்டுப் போ,” என்றார்.

கொடுத்துவிட்டார், ஆனால் சும்மா கொடுக்கவில்லை. மணல் குழியில் காகிதத் தட்டுகளை வைத்துச் சுடப் பழக்கினார். ஆர்லிஸ் தட்டைத் துளைத்தாள். பாதுகாப்பு விதிகளை ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கியை எங்கே சாய்க்கக் கூடாது, எதன் மேல் வைக்கக் கூடாது, எந்தப் பொத்தானில் உரசக் கூடாது என்பதற்கு மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் துணி டேப் ஒரு சுருள் வாங்கி வந்து, குழலிலிருந்து கட்டைவரை சுற்றினார். அவருக்கு ஒரு கைதான் வேலை செய்தது என்பதால் ஆர்லிஸ் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாற்பது நிமிஷம் தன் மேல் நம்பிக்கையில்லை என்பதற்கான சாட்சியத்தைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். குறி பார்க்கும் தொலைநோக்கியிலும் குழலின் நுனியிலும் டேப் சுற்ற முடியாது. அந்த இரண்டு இடமும் டெல்மரின் தூக்கத்தைக் கெடுத்தன.

பரணிலிருந்து இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. தோட்டாவை எடுத்துவிட வேண்டும், துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்க வேண்டும், அப்புறம் இரண்டு கையும் ஏணியில் இருக்க ஆள் இறங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் வேட்டைக்குப் போகிற யாருக்கும் இது பாடம். டெல்மரும் இதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் வாலாக ஒன்றைச் சேர்த்தார்: “கயித்துல எறக்கறப்ப ஏணிப்படியில இடிக்காம பாத்துக்க.”

சீசன் தொடங்கிய சனிக்கிழமை நல்ல உறைபனி. டெல்மர் குடிலில் அடுப்படியில் நின்று இடது கையால் பீன்ஸ் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எட்டேகாலுக்கு அவருடைய பரண் இருக்கும் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வெடி. சத்தத்தை வைத்தே அது மகாராணி என்று தெரிந்தது. இரண்டாவது வெடி கேட்கவில்லை, அப்படியென்றால் விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டார்.

அரை மணி கழித்து ரோலி போனில் கூப்பிட்டான். “மச்சான், அக்கா கொம்பு மான அடிச்சுட்டா. கொம்புல ஆறு முனை. அப்புறம் ஏணியிலேருந்து விழுந்துட்டா. வாங்க.”

நடந்தது இதுதான். ஆர்லிஸ் தோட்டாக்களை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். துப்பாக்கியைக் கயிற்றில் கட்டினாள். இரண்டடி இறக்கியதும் குழல் நுனி இரும்பு ஏணியில் டங்கென்று லேசாகத் தட்டியது. கையை நிறுத்தினாள். திரும்ப மேலே இழுத்தாள். தோளில் மாட்டினாலும் உரசும். கடைசியில் வலது கையில் அதை ஏணிக்கு எட்டாமல் வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, இடது கை ஒன்றை மட்டும் நம்பி இறங்கினாள். கீழேயிருந்து ஐந்தாவது படியில் பனி உறைந்திருந்தது. வழுக்கியபோது துப்பாக்கியை விட்டிருந்தால் ஏணியைப் பிடித்திருக்கலாம். விடவில்லை. வலது கையை விளக்குத் தூக்குகிறவள் போல உயர்த்திக்கொண்டு, இடது கையை ஊன்றி விழுந்தாள்.

டெல்மர் தொட்டில் கட்டோடு அரைக் கிலோமீட்டர் ஓடி வந்து சேர்ந்தபோது அவள் பனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் மாவு போல இருந்தது. இடது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மடியில் துப்பாக்கி.

“கீறல் இல்ல, டெல்,” என்றாள்.

டெல்மர் குனிந்து துப்பாக்கியை வாங்கினார். வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து, நுனியைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் பழகின கை. தாளானாலும் குழலானாலும் அது அப்படித்தான் சாயும். இரண்டு விநாடி இருக்கும். அதற்கு மேல் இல்லை.

“மச்சான்,” என்றான் ரோலி, சத்தமில்லாமல். “கை அங்க இருக்கு.”

ரோலியின் வாயிலிருந்து கேலி கலக்காமல் வந்த ஒரு வாக்கியத்தை டெல்மர் அதுவரை கேட்டதில்லை.

ஈரப்பனி கொட்டத் தொடங்கியது. ரோலி துப்பாக்கியை வாங்கி அதன் கம்பளி உறைக்குள் திணித்து, டெல்மருடைய பிக்கப் வண்டியின் இருக்கைக்குப் பின்னால் தள்ளினான். வண்டியையும் அவன்தான் ஓட்டினான். மருத்துவமனைக்கு அறுபது கிலோமீட்டர். நடுவில் அமர்ந்திருந்த ஆர்லிஸ் வழி நெடுக ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். “ரெண்டு செகண்ட் பாத்த,” என்றாள். குற்றம் சாட்டுவது போல இல்லை; மணி என்ன என்று சொல்வது போல இருந்தது.

மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. மாவுக்கட்டு போட்ட செவிலி விவரம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“இன்னொரு கை சும்மாதானே இருந்துச்சு? எதையாவது பிடிச்சிருக்கலாமே?”

“அதுல துப்பாக்கி இருந்துச்சு.”

“கீழ போட வேண்டியதுதானே?”

“நீங்க எங்க வீட்டுக்காரர பாத்ததில்ல,” என்றாள் ஆர்லிஸ்.

செவிலி நிமிர்ந்து டெல்மரைப் பார்த்தாள். டெல்மர் சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தார்.

அந்தப் பக்கத்தில் கோபம் வந்தால் யாரும் கத்துவதில்லை. கத்தினால் கோபம் சின்னது என்று அர்த்தம். கோபம் பெரிசானால் மரியாதை கூடும். ஆர்லிஸ் வீட்டுக்கு வந்ததும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். காப்பி கொடுத்தால் ரொம்ப நன்றி என்றாள். தலையணையைச் சரி செய்தால் சிரமப்பட வேண்டாம் என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் கேட்ட நன்றிகளை விட அந்த வாரத்தில் டெல்மர் அதிகம் கேட்டார்.

அந்த இரண்டு விநாடியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்ல, டெல்,” என்றாள், அதே மரியாதையோடு. அது கையோட பழக்கம், நான் பார்க்கலை என்று விளக்கினார். “தெரியும்,” என்றாள். தெரியும் என்பதுதான் பிரச்சினை என்று அவருக்கு அப்புறம் புரிந்தது.

பேச்சு எடுபடாத இடத்தில் வேலை நடந்தது, வேறு வழி இல்லாததால். அவருக்கு இடது கை மட்டும், அவளுக்கு வலது கை மட்டும். இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள். ஊறுகாய் பாட்டிலை அவர் இடுக்கிப் பிடிக்க, அவள் மூடியைத் திருகினாள். அவளுடைய கூந்தலை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கட்டினார்கள், கோணலாகத்தான் வந்தது. ஊரே நன்றி சொல்லும் பண்டிகையான வியாழக்கிழமை வந்தது. வான்கோழியை அவர் அழுத்திப் பிடிக்க அவள் அறுத்தாள். சட்டைப் பொத்தான் போடுவதற்கு முதல் நாள் பதினொரு நிமிஷம் பிடித்தது, ஐந்தாம் நாள் மூன்று நிமிஷமாகியது. நடுராத்திரி வலி வந்தால் அவர் அடுத்த மாத்திரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்த்துவிட்டு, அது வரை அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருப்பார். ஆலையைப் பற்றியும் தபால் சாலையைப் பற்றியும் பேசினார்கள். அவள் மரியாதை குறையவில்லை.

சீசன் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை ரோலி, ஆர்லிஸ் அடித்த மானின் கறியைத் துண்டு போட்டு வெள்ளைத் தாளில் சுற்றிப் பெட்டியோடு கொண்டு வந்தான். உறைபெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டான்:

“மகாராணி எப்படி இருக்கா? குளிப்பாட்டியாச்சா?”

டெல்மரின் கையிலிருந்த கரண்டி நின்றது.

“மச்சான்?”

“வண்டியில,” என்றார் டெல்மர்.

“எந்த வண்டியில?”

“வண்டியிலதான். சீட்டுக்குப் பின்னால. நீதான் வச்ச.”

ரோலி சிரிக்க ஆரம்பித்தான், பாதியில் நிறுத்தினான். பத்து நாள் ஆகியிருந்தது. ஈரப்பனி இறங்கிய டேப்போடு, கம்பளி உறைக்குள், ராத்திரி உறைந்து பகலில் வண்டிச் சூட்டில் உருகி. துப்பாக்கியை ஏரியில் போட்டவனுக்குக்கூட அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். ஏரியில் போட்டால் எடுத்துத் துடைப்பார்கள்.

ரோலி போய் எடுத்து வந்தான். மேஜையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் கிடத்தினான். டெல்மர் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், ஆர்லிஸ் வலது கையால் டேப்பை உரித்தாள். இருவருக்கும் இப்போது அந்த மாதிரி வேலை நன்றாகப் பழகியிருந்தது. டேப் ஈரமாக, கம்பளிப் பூச்சி போல நெளிந்து வந்தது. முதல் சுற்றின் அடியிலேயே தெரிந்தது. கருநீலக் குழலில் காப்பிப் பொடி தூவினது போலத் துரு. டேப்பின் விளிம்பு பட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடு, சாய்வாக, சுற்றிச் சுற்றி. வால்நட் கட்டையில் மெருகு வெளுத்துக் கொப்புளித்திருந்தது. ஆர்லிஸ் விழுந்தும் ஒரு கீறல் படாமல் வந்த துப்பாக்கி, பாதுகாப்புக்குச் சுற்றிய டேப்பால் சொறி பிடித்துக் கிடந்தது.

ரோலிக்குப் பத்து வருஷத்துக்குத் தேவையான கேலி அந்த மேஜையில் இருந்தது. அவன் அதைத் தொடவில்லை.

ஆர்லிஸ் கடைசித் துண்டு டேப்பை உரித்து உருட்டி வைத்தாள். துப்பாக்கியைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள்.

“கடைசியா இத எப்ப நெனச்ச?”

டெல்மர் யோசித்தார். பொய் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறவர் போல இல்லை, உண்மையிலேயே தேடினார். “சனிக்கெழம. உன் கையிலேருந்து வாங்குனப்ப.”

“அதுக்கு அப்புறம்?”

“நெனைக்கல.”

“மருத்துவமனைக்கு எத்தன தடவ அந்த வண்டியில போனோம்?”

“நாலு தடவ.”

“நாலு தடவையும் அது உன் முதுகுக்குப் பின்னாலதான் இருந்துச்சு.”

“ஆமா,” என்றார் டெல்மர். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “சீட்டு கொஞ்சம் முன்னாடி தள்ளியிருக்குன்னு மட்டும் நெனச்சேன்.”

ஆர்லிஸின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று ரோலி அப்புறம் ஊரெல்லாம் இரண்டு விதமாகவும் சொன்னான்.

“அறிவுகெட்ட மனுஷா,” என்றாள். “இவ்வளவு நல்ல துப்பாக்கிய யாராவது வண்டியில போட்டு ஊற வைப்பானா? எண்ணெய எடு. ரோலி, வாயப் பாக்காம துரு தேய்க்கிற அந்த மெல்லிய இரும்பு நார எடுடா. என்ன நிக்கறீங்க ரெண்டு பேரும், சாவு வீடு மாதிரி?”

பத்து நாளில் முதல் தடவையாகத் திட்டு விழுந்தது. டெல்மர் எண்ணெய் எடுக்கப் போனார். போகும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டார், இடது தோளில், நல்லவேளை.

துரு பரவுவது நின்றது, அடையாளம் மட்டும் தங்கிவிட்டது. அடுத்த வாரம் மூவரும் வாண்டாவின் கடைக்குப் போனார்கள். வாண்டா துப்பாக்கியை வாங்கி, திருப்பி, டெல்மரின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி துப்பாக்கியைப் பார்த்தார். இந்தத் துப்பாக்கியை அவர் பதினைந்து வருஷமாக வருஷம் ஒரு தடவை பார்க்கிறார். செய்வதற்கு ஒன்றும் இருக்காது, பாராட்டுவதற்காகக் கொண்டு வருவார் டெல்மர்.

“ரெண்டு வழி இருக்கு,” என்றார் வாண்டா. “மொத்தமா சொரண்டி, மெருகேத்தி, புதுசா சாயம் ஏத்தலாம். கண்ணாடி மாதிரி வரும். ஆனா அது என் வேலை, இதோட பழைய மெருகு இல்ல. இல்ல, துருவ மட்டும் அடக்கிட்டு இப்படியே விட்டுடலாம். சுடறதுக்கு ஒரு குறையும் இல்ல. கோடு கோடா தெரியும்.”

“அப்படியே இருக்கட்டும்,” என்றார் டெல்மர்.

ரோலி வாயைத் திறந்தான். ஆர்லிஸ் அவன் காலை மிதித்தாள்.

“அது சரி,” என்றாள் ஆர்லிஸ், வாண்டாவிடம். “கட்டைய கொஞ்சம் வெட்ட முடியுமா?”

கடையில் இருந்த வானொலிகூடக் கொஞ்சம் தயங்கியது போல இருந்தது.

“எனக்கு நீளம் ஜாஸ்தி,” என்றாள். “குளிர்ச் சட்டைக்கு மேல வச்சா கண்ணு சரியா போய் நிக்கல. கழுத்த வாத்து மாதிரி நீட்டித்தான் சுட்டேன்.”

“மணல் குழியில சொல்லலையே,” என்றார் டெல்மர்.

“டேப்பு சுத்துற ஆள்கிட்ட ரம்பத்தப் பத்தி எப்படிப் பேசறது?”

வாண்டா கட்டையைத் தடவினார். “ஒண்ணேகால் அங்குலம் எடுக்கணும். வால்நட்டுங்க இது, வெட்டினா திரும்ப ஒட்டாது. வாங்கற ஆள் பாதி விலைக்குக்கூடக் கேக்க மாட்டான். அப்புறம் டெல்மருக்கு இது குட்டையா போயிடும், தோள் சரியானாலும். யோசிச்சுச் சொல்லுங்க. அடுத்த மாசம்கூட வரலாம்.”

டெல்மர் துப்பாக்கியைப் பார்த்தார். சாய்க்கவில்லை, அது கிடந்தபடியே பார்த்தார். கீறல், துரு இரண்டுக்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்; நடந்துவிட்டது என்று. வெட்டுவது அப்படி இல்லை. இது தெரிந்தே செய்வது. அவருடைய அளவுக்கு இருந்த ஒன்றை இன்னொருவர் அளவுக்கு ஆக்குவது.

“அளவு எப்படி எடுக்கறது?” என்று கேட்டார்.

“முழங்கை மடிப்புலேருந்து ஆள்காட்டி விரல் வரைக்கும்.”

“வலது கையா?”

“சுடற கை. வலதுதானே?”

“அது நல்லாத்தான் இருக்கு,” என்றார் டெல்மர். “எடுங்க.”

ஆர்லிஸ் கையை மடித்து நீட்டினாள். வாண்டா அளவு கோலை வைத்தார். டெல்மர் தன் ஒரே கையால் அவள் முழங்கை ஆடாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வாண்டா கட்டையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, அதையே இன்னொரு தடவை காட்டி, “இங்க?” என்றார். டெல்மர் தலையாட்டினார். வாண்டா துப்பாக்கியை எடுத்துப் போய், பழுதுக்கு வந்த மற்றவற்றோடு மற்றொன்றாக இரும்புக் கொக்கியில் மாட்டினார்.

திரும்பி வரும்போது வண்டியில் பேச்சு முழுக்க அடுத்த நவம்பரைப் பற்றியதாக இருந்தது. டெல்மருடைய பரண் தனக்கு வேண்டும், ஓடைப் பக்கம் நன்றாகத் தெரிகிறது என்றாள் ஆர்லிஸ்.

“அது என் பரண்,” என்றார் டெல்மர்.

“நீ சதுப்புக்கிட்ட புதுசு ஒண்ணு கட்டிக்க. ரோலியோட ஏரித் துப்பாக்கியும் இருக்கு உனக்கு.”

“மச்சானுக்கு அதுதான் சரி,” என்றான் ரோலி. “எங்க வேணா சாய்க்கலாம்.”

“சதுப்புல கொசு,” என்றார் டெல்மர்.

“நவம்பர்ல ஏது கொசு?” என்றாள் ஆர்லிஸ்.

டெல்மர் பேச்சை ஏணிக்கு மாற்றினார். ஏணியின் கீழ்ப் படிகளுக்குப் பலகை வைக்க வேண்டும், அகலமாக, மேலே சொரசொரப்பான தாள் ஒட்டி, என்றார். எத்தனை படிக்கு என்று ஆர்லிஸ் கேட்டாள். எல்லாப் படிக்கும் என்றார்.